இருநூற்றுப் பன்னிரண்டு மூடிகளில் ஒரு நட்சத்திரம்

இந்தக் கதையைப் பதினோரு வருஷமாக நான் முழுசாக நம்பியதில்லை. சொன்னவர் பக்கத்து வீட்டு ருஃபினோ. பொய் சொல்லக்கூடிய ஆள்தான். ஆனால் தன்னை அசடாகக் காட்டிக்கொள்ளும் பொய்யை எவன் சொல்வான்? அதுதான் உறுத்தல். மொத்தமும் பொய் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். எங்கோ ஓர் இடத்தில் மட்டும் பொய் இருக்கிறது. அது பல் இடுக்கில் சிக்கிய மாம்பழ நார்போல என்னைப் படுத்திக்கொண்டே இருந்தது.

ஒரு ஆகஸ்ட் மாதம், வயிற்றில் ஜின்னும் பக்கவாட்டுப் பெட்டியில் பாதிரியாருமாகத் தன் மூன்றுசக்கர வண்டியை ஓட்டிப் போன ருஃபினோ, அவரைக் கோவில் வாசலில் இறக்குவதற்குப் பதிலாகச் சாக்கடையில் இறக்கினார். பாதிரியார் மன்னித்துவிட்டார். மனைவி லிகாயா பாதிரியார் இல்லை.

வீட்டிலிருந்த குழந்தை இயேசு சொரூபத்தின் முன்னால் அவரை நிறுத்தினாள்.

"சொல்லு."

"கிறிஸ்துமஸ் வரைக்கும் ஒரு சொட்டு ஜின் தொட மாட்டேன்."

"தொட்டா?"

"தொட்டா... அதையும் நானேதான் சொல்லணுமா?"

"வேணாம், நான் சொல்றேன். தொட்டா, ஜெனரல் டினோலா."

ஜெனரல் என்பது ருஃபினோவின் சண்டைச் சேவல். டினோலா என்பது பப்பாளிக்காயும் முருங்கைக்கீரையும் போட்டு வைக்கும் கோழிச் சாறு. ருஃபினோ பெற்ற பிள்ளைகளை எப்போதாவது கொஞ்சியிருப்பார். ஜெனரலைத் தினமும் குளிப்பாட்டினார். அப்படியும் தலையை ஆட்டி ஒப்புக்கொண்டார்.

சத்தியம் ஒன்பது நாள் உயிரோடு இருந்தது.

பத்தாம் நாள் மதியம், கோழிக்கூண்டுக்குப் பின்னால் உட்கார்ந்து வேலிக்கு மேலே கையை நீட்டினார். அந்தப் பக்கம் பெட்டிக்கடை. சின்ன பாட்டில் ஒன்று கைக்கு வந்தது. குடித்து முடித்துக் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார். கையில் மிஞ்சியது தகர மூடி மட்டும்.

சின்னஞ்சிறு மூடிதானே என்று நீங்கள் நினைப்பீர்கள். அவரும் அப்படித்தான் நினைத்தார். ஆனால் எங்கள் தெருவில் குப்பை பிரிக்கும் பெண்கள் குழுவுக்கு லிகாயாதான் தலைவி. எந்த வீட்டுக் குப்பையும் அவள் கண்ணில் படாமல் தெருமுனையைத் தாண்டாது. தெருவில் எறியலாம் என்றால் தெருவைப் பெருக்குவதும் அந்தக் குழுதான். ஏரியில் எறியலாம் என்றால் அங்கே காலையிலிருந்து தூண்டிலோடு உட்கார்ந்திருப்பவன் அவள் தம்பி. ருஃபினோ மூடியைக் கோழித்தீவன மூட்டையின் அடியில் புதைத்தார். மறுநாள் இரண்டு, அப்புறம் சில நாள் மூன்று. நவம்பரில் மூட்டையைத் தூக்கினால் கோவில் மணிபோல ஒலித்தது.

அந்த நேரத்தில்தான் ஊர்மன்றத்தின் கிறிஸ்துமஸ் போட்டி அறிவிப்பு வந்தது. வீட்டுக்கொரு நட்சத்திர விளக்கு, முழுக்க வேண்டாத பொருளில், சொந்தக் கையால் செய்ய வேண்டும். முதல் பரிசு ஒரு முழு ஹாம், உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றித் தொடை. தெருமுனையில் நின்று அதைச் சத்தமாகப் படித்துக் காட்டியது லிகாயா.

ருஃபினோவுக்குப் பொறி தட்டியது. ஒரு பொருளை ஒளித்துவைக்க உலகத்திலேயே நல்ல இடம், எல்லோரும் அண்ணாந்து பார்க்கும் இடம்தான்! மூடிகளுக்குத் தங்கநிறம் அடித்துக் கம்பியில் கோத்து வாசலில் தொங்கவிட்டால், தடயம் அலங்காரமாகிவிடும்.

மூங்கில் பிளந்து ஐந்து முனை கட்டினார். குளிர்பான பாட்டில்களின் அடிப்பாகத்தை வெட்டிப் பூவாக்கினார். காப்பித்தூள் உறைகளைத் திருப்பி உள்பக்க வெள்ளி மின்ன ஒட்டினார். மூடிகளை எண்ணி எண்ணிக் கோத்து நட்சத்திரத்துக்கு இரண்டு வால் தொங்கவிட்டார். காற்றடித்தால் அது சலசலவென்று பேசியது.

லிகாயா கொய்யாப்பழம் கடித்தபடி சுற்றிச் சுற்றி வந்தாள்.

"ஏய்யா, இது என்ன?"

"மூடி."

"மூடின்னு தெரியுது. எதோட மூடி?"

"ஏதோ மூடி. தெருவுல கிடந்துச்சு."

"நாங்க பெருக்குற தெருவுலயா?"

"அ... அடுத்த தெரு."

"அடுத்த தெருவுல இவ்ளோ மூடியா? யாருய்யா அங்க இப்படிக் குடிக்கிறது? பாவம், அவன் பொண்டாட்டி."

"ஆமாம்மா. பாவம்."

"ரெண்டு பக்கமும் சமமா வருமா?"

"நூத்தி ஆறு, நூத்தி ஆறு."

"அடேயப்பா, கரெக்டா கிடைச்சிருக்கே!" என்று வியந்து விதையைத் துப்பினாள்.

இங்கே ஒன்று நடந்தது. ஒளித்துவைக்கத்தான் செய்ய ஆரம்பித்தார். செய்து முடித்தபோது அதைப் பார்த்துப் பார்த்துத் தீரவில்லை. ஐம்பத்தெட்டு வயதில், தன் கையால் பழுது பார்த்ததெல்லாம் மறுபடி பழுதான அந்த மனுஷர், முதல்முறையாக ஒரு அழகான பொருளைச் செய்திருந்தார். வண்டியில் ஏறுகிறவர்களிடமெல்லாம் "போட்டிக்கு வந்துடுங்க" என்று சொன்னார்.

டிசம்பர் பதினாறு, சாயங்காலம். கோவில் முற்றத்தில் முப்பது நட்சத்திரங்கள் தொங்கின. மூன்று வருஷமாக ஹாமை விட்டுக்கொடுக்காத பாசிங் என்ற மாது, ஐஸ்கிரீம் டப்பாக்களில் ஒன்று செய்திருந்தாள். ருஃபினோவின் நட்சத்திரத்துக்குக் கீழேதான் கூட்டம் நின்றது. ஊர்மன்றச் செயலாளர் விர்ஜிலியோவும் வாயைப் பிளந்து நின்றார். ருஃபினோவுக்குக் கால் தரையில் இல்லை.

விர்ஜிலியோ தாளைப் பிரித்தார். "விதியை ஒரு தடவை படிச்சிடறேன். அவங்கவங்க வீட்டுக் குப்பையா மட்டும்தான் இருக்கணும். வெளிக்குப்பை ஒண்ணு கலந்திருந்தாலும் போட்டியில கிடையாது."

பாசிங் உடனே கையைத் தூக்கினாள். "அந்த மூடியெல்லாம் எந்த வீட்டுது?"

லிகாயா பால் குடிக்கும் குழந்தைபோல முகத்தை வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "அய்யோ, அது அடுத்த தெருவுல பொறுக்கினதுங்க. எங்க வீட்டுல யாரு குடிக்கிறா? இவருதான் குழந்தை இயேசு முன்னாடி சத்தியம் பண்ணியிருக்காரே."

"அப்படின்னா கழிச்சிட வேண்டியதுதான்," என்று விர்ஜிலியோ பேனாவைத் திறந்தார்.

ருஃபினோ நட்சத்திரத்தைப் பார்த்தார். மனசுக்குள் ஜெனரல் கூவியது. ஒரு பக்கம் சேவல், ஒரு பக்கம் வாழ்க்கையில் முதல் வெற்றி. பேனா தாளைத் தொடப் போனது.

"நில்லுங்கய்யா!" என்று கத்தினார். "அது எங்க வீட்டு மூடி! எல்லாம் நான் குடிச்சது! ஒவ்வொண்ணும் நானே குடிச்சது! அடுத்தவன் வாய் பட்டது ஒண்ணுகூடக் கிடையாது!"

கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். பாதிரியார் என்று சொல்கிறார்கள்.

விர்ஜிலியோ பேனாவை நிமிர்த்தினார். "எத்தனைன்னு எழுதணும்."

"இருநூத்திப் பன்னண்டு," என்றார் ருஃபினோ நெஞ்சை நிமிர்த்தி.

"இருநூத்திப் பதினாலு," என்றாள் லிகாயா. "ரெண்டு தீவனத்துலயே தங்கிடுச்சு. கோழி முழுங்கிடக் கூடாதேன்னு நான் எடுத்து வச்சேன்."

ஹாம் கிடைத்தது.

அதற்குப் பிறகு நடந்ததாக ருஃபினோ சொல்வது இதுதான்: உண்மையைப் பொதுவில் ஒப்புக்கொண்ட ஆண்மையைப் பார்த்து லிகாயா உருகிவிட்டாள், சத்தியத்தை மறந்துவிட்டாள், ஜெனரலை மன்னித்துவிட்டாள். சொல்லி முடித்ததும் ஒவ்வொரு டிசம்பரிலும் கூண்டைக் காட்டுவார். "நம்பலேன்னா பாரு. நிக்கிறான் ஜெனரல்."

நிற்கத்தான் செய்யும். வருஷா வருஷம் பார்த்துவிட்டுத் தலையாட்டியிருக்கிறேன். ஊரில் நான் ஒருத்தன்தான் எதையும் சந்தேகப்படுகிறேனோ, என் புத்திதான் கோணலோ என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன். பளபளவென்று இளம் இறகு. பதினோரு வருஷச் சேவலுக்குக் கால்முள் இன்னும் சரியாக முளைக்கவில்லை. உள்ளே லிகாயா பப்பாளிக்காய் சீவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற ருஃபினோவின் மூச்சில் ஜின் வாசம் அடித்தது. குரலைத் தாழ்த்திக் கேட்டேன்:

"அண்ணே, இது எத்தனாவது ஜெனரல்?"