பஜ்ஜி, சொஜ்ஜி, ஜப்பான் காட்டேரி

ஜப்பானிய மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாமல், ஒரு ஜப்பான் படத்துக்கு வரிக்கு வரி அர்த்தம் சொல்லக்கூடிய ஒரே மேதை இந்தப் பூமியில் டெக்குதான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இன்னொருவர் இருந்திருந்தால் ஜப்பான் அரசாங்கம் இந்நேரம் ஏதாவது நடவடிக்கை எடுத்திருக்கும்.

கடலூர் புதுப்பாளையத்தில் எங்களுக்கு எதிர்வீடு அவர். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம், நான் பார்த்ததில்லை. டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு விட்ட காலத்தில் தெரு வைத்த பெயர்தான் நிலைத்தது. டெக்கு போய், சிடி வந்து போய், கேபிளும் கைவிட்டுப் போய், இப்போது கடைகளுக்கு சிசிடிவி கேமரா மாட்டுகிறார். பெயர் மட்டும் போக மறுத்துவிட்டது.

அந்தப் படம் அவர் கைக்கு வந்ததே ஒரு அபார ஆராய்ச்சியின் விளைவு. பரங்கிப்பேட்டையிலிருந்து சிங்கப்பூர் போய்த் திரும்பிய பாய் ஒருவர், அட்டைப்பெட்டி நிறைய பழைய கேசட்டுகளை இவரிடம் தள்ளிவிட்டார். ஒன்றின் மேல் ஜப்பான் எழுத்து. ஜப்பான்காரன் படமெடுத்தால் கராத்தே இல்லாமல் எடுப்பானா என்று டெக்கு முடிவு கட்டினார். எடுத்திருக்கிறான். பனிமலையில் ஒரு பஸ் மாட்டிக்கொள்கிறது. வானத்திலிருந்து பச்சை வெளிச்சம் இறங்குகிறது. வேற்றுக்கிரக ரத்தக்காட்டேரிகள் பயணிகளை ஒவ்வொருவராக உறிஞ்சி, காய்ந்த வடகம் மாதிரி பனியில் போட்டுவிட்டுப் போகின்றன. கராத்தே எங்கேயும் இல்லை.

இதைத் தெரிந்துகொள்ள அவர் ஒருமுறை போட்டுப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. நேராக மஞ்சக்குப்பத்தில் ஒரு வளைகாப்பு வீட்டுக்கு எடுத்துப் போனார். விருந்து முடிந்து, கர்ப்பிணிப் பெண் நாற்காலியில் கை நிறைய வளையலோடு உட்கார்ந்திருக்க, 'பசங்களுக்குக் கராத்தே படம்' என்று அறிவித்துவிட்டு கேசட்டைப் போட்டார். காட்டேரி என்ற பேச்சையே பிள்ளைத்தாய்ச்சி காதில் விழவிடாத ஊர் இது. திரையில் முதல் கழுத்து கடிபட்டதும் பெண்ணின் மாமியார் எழுந்தார்.

"எடுறா அந்தப் பொட்டிய! புள்ளத்தாச்சி முன்னாடி காட்டேரியக் காட்றியே, நீ நல்லா இருப்பியா?"

வேறு யாராக இருந்தாலும் டிவியை அணைத்திருப்பார்கள். டெக்கு நிதானமாக விளக்கம் சொன்னார். "அம்மா, இது நம்மூர் காட்டேரி இல்ல. வேற கிரகம். நம்ம ஜனங்கள ஒண்ணும் பண்ணாது."

விளக்கமாறு வந்தது. டிவியைத் தலையிலும் டெக்கைக் கக்கத்திலும் வைத்துக்கொண்டு அவர் ஓடியதைப் பார்த்தவர்கள், படத்தில் இல்லாத கராத்தே அன்றைக்குத் தெருவில் இருந்ததாகச் சொன்னார்கள்.

அத்தோடு அந்தக் கேசட்டைக் கடலில் போட்டிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது. ஆனால் தடை போட்டால்தான் டெக்குக்குப் பாசம் வரும். படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பார்க்க வந்தவர்களுக்கு வசனமும் சொன்னார்.

"கண்டக்டர் இன்னா சொல்றான்னா, 'யாரும் எறங்காதீங்க, வெளிய ஒண்ணும் சரியில்ல'ங்கறான். அந்தத் தொப்பிக்காரன், 'எனக்கு சொல்றியா நீ'ங்கறான். பாரு, இப்ப எறங்குவான். செத்தான்."

போன வாரம் டிரைவரின் மச்சானாக இருந்த அந்தத் தொப்பிக்காரர் இந்த வாரம் தாசில்தார் ஆகியிருப்பார். கேட்டால், "நீ ஜப்பான் படிச்சிருக்கியா?" என்பார். நான் படிக்கவில்லை. அதனால் தாசில்தாரே இருந்துவிட்டுப் போகட்டும் என்று பாதியிலேயே எழுந்து வந்துவிடுவேன்.

சிசிடிவி தொழிலுக்கு வந்த பிறகும் படம் கூடவே வந்தது, கேசட்டிலிருந்து பென் டிரைவுக்கு மாறி. புதிதாக மாட்டிய திரை சரியாக ஓடுகிறதா என்று பார்க்க அவருக்கு வேறு படமே கிடைக்காது. சிதம்பரம் கீழ வீதியில் ஒரு இனிப்புக் கடை. திறப்பு விழா அன்று கல்லாவுக்கு மேலே திரையை மாட்டி, சோதனைக்குப் படத்தை ஓடவிட்டு, ஏணியோடு வெளியே போய்விட்டார். உள்ளே ஐயர் கற்பூரம் காட்ட, முதலாளி குடும்பம் கண்மூடிக் கும்பிட்டு, கண்ணைத் திறந்தால் எதிரே ஒருவன் வாயோரம் ரத்தம் வழியச் சிரிக்கிறான். கேமரா தங்கள் கடையைத்தான் காட்டுகிறது என்று நினைத்துக்கொண்ட முதலாளி, "எந்த மூலையிலடா நிக்கிறான்?" என்று அல்வாத் தட்டோடு வெளியே ஓடிவந்தார். டெக்கு ஏணி மேலிருந்தே, "படம் தெளிவா தெரியுதா சார்?" என்று கேட்டார்.

இந்த மனிதரை நம்பித்தான் ஒரு பெண்குழந்தை வளர்ந்தது. அவருடைய மனைவி சின்ன வயதிலேயே ஒரு காய்ச்சலில் போய்விட்டார். மகள் கயல்விழிக்கு நடக்கவே சரியாக வராத வயது. டெக்கே தலை சீவி, டெக்கே சடை பின்னி அனுப்புவார். ஒரு சடை கடலைப் பார்க்கும், இன்னொன்று நெய்வேலியைப் பார்க்கும். அந்தத் தலையோடு போய்ப் படித்து, கயல் சிதம்பரத்தில் ஒரு மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். தினமும் பஸ்ஸில் போய் வருவாள். கல்யாண வயதும் வந்தது. மாப்பிள்ளை வீட்டாரும் வர ஆரம்பித்தார்கள்.

அங்கேதான் டெக்கு உலகத்துக்குத் தன் மாபெரும் கண்டுபிடிப்பை வழங்கினார். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு பஜ்ஜி, சொஜ்ஜி, காபி. பிறகு மாப்பிள்ளைக்கு மட்டும் அந்தப் படம். முழுசாக.

"ஆபத்துல மனுசன் எப்படின்னு தெரியணும்னா ஆபத்தக் காட்டணும் மச்சான்," என்று எனக்குப் பாடம் நடத்தினார். "ஒருத்தன் சாவறப்ப யாரு சிரிக்கிறான், யாரு போனை எடுக்கிறான்னு நான் மூஞ்சியப் பாத்துக்கினே இருப்பேன். ஜாதகத்துல இன்னா தெரியும்?"

காடாம்புலியூரிலிருந்து ஒரு முந்திரி வியாபாரி வீட்டுப் பையன் பலாப்பழத்தோடு வந்தான். படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், "கொஞ்சம் ஓட்டி விடலாமே" என்றான். பலாப்பழத்தோடு திருப்பி அனுப்பப்பட்டான். கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன் ஒருவன், பஸ்ஸில் வந்த கிழவி சாகும்போது பக்கென்று சிரித்துவிட்டான். "நாளைக்கு நான் போறப்பவும் இப்படித்தான் சிரிப்பான்" என்று டெக்கு வாசல் கதவைத் திறந்துவிட்டார். பாதியில் கழிவறைக்குப் போனவன் அப்படியே சுவரேறிப் போனதும் உண்டு. புதுப்பாளையத்தில் ஒரு வீட்டில் மாப்பிள்ளைகளைப் பேய்க்குப் படைக்கிறார்கள் என்று மாவட்டம் முழுக்கப் பேச்சு.

தரகர்கள் வருவதை நிறுத்திய பிறகு, கயலே ஒருவரைக் கண்டுபிடித்தாள். பிரபு. கம்மாபுரத்துப் பையன், சிதம்பரத்தில் அதே மருத்துவமனையில் வேலை. எல்லாம் பொருத்தம்தான். ஒரே ஒரு சின்னச் சிக்கல், அவன் ரத்த வங்கியில் இருந்தான்.

"ரத்தம் எடுக்கிறவனா?" என்று டெக்கு கேட்ட குரல் எங்கள் வீட்டு அடுப்படி வரை கேட்டது. "வாழ்க்கை முழுக்க நான் ஜனங்கள எச்சரிச்சதே அதுக்குத்தானே!"

அன்று சாயங்காலம் கயல் எங்கள் வீட்டுக்கு வந்தாள். சிரிக்கவில்லை.

"மாமா, எனக்கு இவரப் புடிச்சிருக்கு. அப்பாவ மீறி நான் பண்ணிக்க மாட்டேன். அவருக்கு என்னை விட்டா யாரு இருக்காங்க? ஆனா இவரும் அந்தப் படத்தால எழுந்து போயிட்டார்னா, இனிமே எவன் முன்னாடியும் காபித் தட்டத் தூக்கினு வந்து நிக்க மாட்டேன். எப்படியாவது அந்தப் பென் டிரைவ எடுத்துடுங்க."

அந்தக் கோணல் சடையோடு பள்ளிக்கூட ஆட்டோவில் ஏறிய குழந்தை அது. எடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை, டெக்கு வீட்டில் பேப்பர் வாங்கப் போகிற சாக்கில், டிவிக்குப் பின்னால் கைவிட்டு, பென் டிரைவை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். உளவுத்துறையில் சேர்ந்திருக்க வேண்டியவன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பிற்பகலில் பிரபுவும் அவன் அம்மாவும் வந்தார்கள். பஜ்ஜி முடிந்தது. டெக்கு எழுந்து டிவிக்குப் பின்னால் தடவினார். என்னைப் பார்த்தார். தன் சட்டைப்பையிலிருந்து இன்னொரு பென் டிரைவை எடுத்தார்.

"சிசிடிவி போடறவன் வீட்ல கேமரா இருக்காதுன்னு நெனச்சியா மச்சான்?" என்று என் காதோரம் கேட்டுவிட்டு, படத்தைப் போட்டார்.

பச்சை வெளிச்சம் இறங்கியது. தொப்பிக்காரர் இறங்கினார், செத்தார். பிரபு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான்.

"சார், ஒரு ஆளு ஒடம்புல மொத்தமே அஞ்சு லிட்டர்தான் இருக்கும். இவன் இன்னா குடம் குடமா குடிக்கிறான்?"

டெக்கின் படத்தை இதுவரை எந்த மாப்பிள்ளையும் கேள்வி கேட்டதில்லை. "வேத்துக்கிரகத்துக்காரன். அவனுக்குக் கெப்பாசிட்டி ஜாஸ்தி."

"குடிக்கிறவன் கெப்பாசிட்டி இல்ல சார். குடுக்கிறவன் கெப்பாசிட்டி."

கதவோரம் நின்ற கயல் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். பிரபு விடவில்லை. "குரூப்பே பாக்காம அடுத்த ஆளுக்குப் போறான் பாருங்க. இப்படிக் கலந்தா எங்க ஆஸ்பத்திரில எங்கள வேலைய விட்டே தூக்கிடுவாங்க."

"அது ஆஸ்பத்திரி இல்லடா, பஸ்சு!"

"பஸ்சா இருந்தாலும் ரத்தம் ரத்தந்தான் மாமா."

சார் எப்போது மாமா ஆனது என்று இருவரும் கவனிக்கவில்லை. டெக்கு கத்த, பிரபு கத்த, சண்டை சூடு பிடித்தது. பையனின் அம்மா எழுந்தார். "நல்ல நாள் அதுவுமா இன்னாங்க இது? வாடா போலாம்."

கயலின் முகம் செத்துவிட்டது. நான் சாமியை எல்லாம் கூப்பிட்டேன்.

"இரும்மா," என்றான் பிரபு, திரையை விட்டுக் கண்ணெடுக்காமல். "அந்தக் கண்டக்டர் தப்பிச்சானான்னு பாத்துட்டு வந்துடறேன். பாவம், அவன் ஒருத்தன்தான் எல்லாரையும் காப்பாத்தப் பாக்கிறான்."

டெக்கு அவனைத் திரும்பிப் பார்த்தார்.

கண்டக்டர் பஸ் கதவில் கை வைத்தான். திரையில் கோடுகள் ஓடின. படம் நடுங்கியது. பனிமலை காணாமல் போய், பலூன் கட்டிய ஒரு சின்ன அறை வந்தது. மஞ்சள் புடவையில் ஒரு இளம்பெண், இடுப்பில் ஒரு குழந்தை. குழந்தை கேக்கில் கையை விட, அவள் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள். போதும், எடுக்காதீங்க என்பது மாதிரி கையை ஆட்டுகிறாள்.

"யாரு மாமா இவங்க? ஜப்பான்காரங்க மாதிரி இல்லியே?" என்றான் பிரபு.

இத்தனை வருடத்தில் முதல்முறையாக டெக்குக்கு வசனம் சொல்ல வரவில்லை. கயல்தான் சொன்னாள். "எங்கம்மா."

பிறகு டெக்கு மெதுவாகப் பேசினார். "கயலுக்கு மொத பொறந்தநாளு. கேமரா ஓசியில கெடச்சுது, கையில வெறும் கேசட் இல்ல. இருந்த இந்தப் படத்து மேலயே எடுத்துட்டேன். அவ நடமாடற படம் இது ஒண்ணுதான்." பையனின் அம்மா பக்கம் திரும்பினார். "பொண்ணு பாக்க வரவங்க பொண்ணோட அம்மாவப் பாக்காம போலாமா? அவளும் மாப்ளையப் பாக்க வேணாமா?"

"இத மொதல்லியே சொல்லித் தொலையறதுதானே?" என்றேன்.

"சொன்னா நடிப்பானுங்க மச்சான். கடைசி வரைக்கும் உக்கார முடியாதவனுக்கு அவள எதுக்குக் காட்டணும்?"

"அதுக்குத்தானாப்பா இத்தன நாளா?" என்றாள் கயல். "அம்மா இருக்கிற எடத்த மட்டும் வெட்டி எனக்கு போன்ல போட்டுக் குடுத்தியே, ஒரு வார்த்த சொன்னியா?" திட்டிக்கொண்டே அழுதாள். ரகசியத்தைப் பாதுகாக்கும் விஷயத்தில் எந்த அரசாங்கமும் டெக்கிடம் பயிற்சி எடுக்கலாம்.

பிரபு எழுந்து நின்றான். என்ன செய்வதென்று தெரியாமல் திரையைப் பார்த்துக் கைகூப்பினான். எழுந்து நின்றிருந்த அவன் அம்மா மறுபடி உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டெக்கு திரையருகே போய் அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிரிக்கிறா பாரு," என்றார். "புடிச்சிருக்கு அவளுக்கு."

கல்யாணம் ஆகி, இப்போது கயலும் பிரபுவும் சிதம்பரத்தில் இருக்கிறார்கள். டெக்கும் பாதி நாள் அங்கேதான். மாமனாரும் மருமகனும் அஞ்சு லிட்டர் விவகாரத்தை இன்னும் முடிக்கவில்லை என்று கேள்வி. எதிர்வீடு பூட்டிக் கிடக்கும் நாட்களில் தெருவே சப்பென்று இருக்கிறது. போன மாதம் கயல் போன் செய்து, அந்தப் படம் முழுசாக இணையத்தில் கிடைத்துவிட்டது, கண்டக்டர் என்ன ஆனான் என்று அனுப்பவா மாமா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் படம் ஒரு மஞ்சள் புடவைக்காரி சிரிப்பதோடு முடிகிறது, அதில் ஒரு ஜப்பான்காரன் வந்து கைவைப்பதை நான் அனுமதிப்பதாக இல்லை.