அஷ்ரஃபிய்யா படிக்கட்டில் வண்டி இறங்காதது பற்றி

அம்மான், புதன்கிழமை

தோஹாவின் குளிரூட்டிய அறையில் வீற்றிருக்கும் என் அறிவாளித் தம்பி முஹன்னதுக்கு அக்கா ருபா எழுதுவது. நீ நலம் என்பது நீ போனை எடுக்காததிலிருந்தே தெரிகிறது. இறைவன் அந்த நலத்தை நீட்டிக்கட்டும்.

இன்று காலை அலுவலகம் வந்ததும் முதல் வேலையாக, வரவேற்பு மேசைக்கடியில் மண்டியிட்டு நீ வைத்துவிட்டுப் போன பழைய கணினியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இருந்தது. உயிரோடுதான் இருக்கிறது. "நோயாளிங்க வீட்டு விவரம் வெளிய போகக் கூடாது, வழி சொல்ற சர்வர் நம்மகிட்டயே இருக்கட்டும்" என்று நீ சொன்னபோது எங்கள் டயாலிசிஸ் மையமே கைதட்டியது. என் மேசையிலுள்ள வரைபட மென்பொருளை அதோடு இணைப்பது "அஞ்சு நிமிஷ வேலைக்கா" என்றாய். இன்று பதினோராம் நாள்.

நீ கொடுத்த சீட்டில் முகவரி 'லோக்கல்ஹோஸ்ட்' என்றிருந்தது. அப்படியே அடித்தேன். அதற்கு 'இதே கணினி' என்று பொருளாம். என் கணினி மூன்று நாள் தன்னைத்தானே கூப்பிட்டுப் பார்த்து, ஆளில்லை என்று அறிக்கை கொடுத்தது. நானே தேடிப்பிடித்து மேசைக்கடியில் இருக்கும் கணினியின் முகவரி எண்ணைப் போட்டேன், இணைந்தது, உடனே எங்கள் நோயாளி உம்மு நாயிஃப் வீட்டுக்கு வழி கேட்டேன், அருகில் சாலையே இல்லை என்றது. மென்பொருளோடு மாதிரிக்கு வந்த ஏதோ ஜெர்மன் ஊரின் வரைபடத்தையே நீ அதில் விட்டுவிட்டாய். அந்த ஊரில் யாருக்காவது சிறுநீரகம் கெட்டால் பத்திரமாகக் கூட்டி வந்துவிடுவோம்.

ஜோர்டான் வரைபடத்தை ஏற்றினேன். இனி வருவது என் தவறு. அஷ்ரஃபிய்யா மலைச்சரிவில் பாதி வீடு படிக்கட்டில்தானே? வீட்டு வாசலில் புள்ளி வைத்து, கார் என்று போட்டால் வழியில்லை என்றது, நடை என்று மாற்றினேன், அழகாக ஒரு கோடு வந்தது. நேற்று அச்சடித்து, நோயாளிகளைக் கூட்டி வரும் வண்டியின் டிரைவர் அபூ குதைபாவிடம் கொடுத்தேன்.

"அக்கா, இதுல நூத்தி இருபது படி இருக்கு. வண்டிய ஓட்டிட்டு இறங்கணுமா, தூக்கிட்டு இறங்கணுமா?"

"மேப்ல வழி இருக்கே."

"இருக்கு, ஆட்டுக்கு."

அவர் மலையைச் சுற்றிப் போய்ச் சேர்வதற்குள் நாற்பது நிமிடம் தாமதம். உம்மு நாயிஃபுக்கு டயாலிசிஸ் இயந்திரத்தில் இருக்க வேண்டிய நேரத்தில் நாற்பது நிமிடம் குறைந்துபோயிற்று. "என் கால் வீங்கினா உன் கம்ப்யூட்டருக்கா வலிக்கும்?" என்றார். நாளைக்குள் பாதை சரியாகாவிட்டால் வண்டியை வேறு மையத்துக்கு அனுப்பிவிடுவாராம் எங்கள் இயக்குநர். அவருக்குக் கீழுள்ள மூன்று மையங்களுக்கும் இந்த வழி பார்க்கும் வேலையை உனக்காகவே வேறு ஒதுக்கி வைத்திருக்கிறார். இன்றே கிளம்பி வா.

பிள்ளைகளுக்கு முத்தங்கள். உன் அறிவு இதற்கு மேலும் வளராமல் இறைவன் காக்கட்டும்.

அக்கா ருபா

பின்குறிப்பு, வியாழன்: வர வேண்டாம். நேற்று மதியம் அபூ குதைபாவிடம் எங்கே வண்டியை நிறுத்துவார் என்று கேட்டேன். "காலைல படிக்குக் கீழ, திரும்புறப்ப படிக்கு மேல. ரெண்டு தடவையும் அவங்க இறங்கினாப் போதும்ல? ஏறச் சொன்னா மூச்சு வாங்கும்." பதினோரு நாளில் இதை நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஒவ்வொரு நோயாளிக்கும் படிக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று என்று இரண்டு புள்ளி வைத்து, கார் என்று மாற்றினேன். இன்று அஷ்ரஃபிய்யா நோயாளிகள் ஐந்து பேரும் காலை ஏழு மணிக்கு முன்பே வந்துவிட்டார்கள். உம்மு நாயிஃபுக்கு முழு நான்கு மணி நேரமும் கிடைத்தது. வண்டி எங்களிடமே இருக்கும்.

உனக்காக ஒதுக்கிய அந்த வேலைக்கு என் பெயரில் விண்ணப்பம் எழுதிவிட்டேன். இயக்குநருக்குத் தெரியாது, என் கணவருக்கும் தெரியாது. ஞாயிறு காலை கொடுக்கப்போகிறேன். அதுவரை இந்தக் கடிதத்தை உனக்கும் அனுப்ப மாட்டேன்.