மாமியாரை ஊருக்கு அனுப்பிய மெஷின்

ஊரில் எல்லார் மேலும் சந்தேகப்படுகிறவனுக்குத் தன் சட்டையை மட்டும் மோந்து பார்க்கத் தோன்றாது. அனுபவத்தில் சொல்கிறேன்.

என் மகள் பிறந்து மூன்றாவது மாதம். ஏற்காட்டில் ஐப்பசி மழை. குழந்தைக்கு நெஞ்சில் கரகரவென்று இளைப்பு. "ஊட்டுக்குள்ள புகை, நெடி எதுவும் ஆகாதுங்க" என்றார் டாக்டர். அந்தப் பிஞ்சு நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தால் எனக்கே மூச்சு முட்டும்.

சேலத்துக்குப் போய்க் காற்றைச் சுத்தம் செய்யும் மெஷின் ஒன்றை வாங்கி வந்தேன். காற்று நன்றாக இருந்தால் பச்சை விளக்கு, கெட்டால் சிவப்பு. அன்று முதல் நான் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் இல்லை, காற்று இன்ஸ்பெக்டர்!

முதல் நாளே சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால் சிவப்பு. தொட்டில் பக்கத்தில் மாமியார் கரி அடுப்பின் மேல் கூடையைக் கவிழ்த்து, குழந்தைத் துணிகளை உலர்த்திக்கொண்டிருந்தார். (மழைக்காலத்தில் இங்கே வேறு எப்படிக் காயும்?)

"இதாங்க அத்தை காரணம்!"

"ஏனுங்க மாப்பிள்ளை, ஈரத்துணியக் கட்டுனா புள்ளைக்குச் சளி புடிக்காதுங்களா?"

"படிக்காதவங்க மாதிரி பேசாதீங்க" என்று சொல்லித் தொலைத்தேன். (அவர் ஓய்வுபெற்ற டீச்சர்.)

மறுநாள் காலை பையை எடுத்துக்கொண்டு தன் ஊரான கொட்டச்சேட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார். என் மனைவி எஸ்தர் என்னோடு பேசுவதை நிறுத்தினாள்.

அன்று கரி அடுப்பு இல்லை. நான் வந்ததும் சிவப்பு. தாளிக்கக் கூடாது என்றேன். அப்போதும் சிவப்பு. கொசுவத்தியைத் தூக்கி எறிந்தேன். ம்ஹூம். மூன்றாம் நாள் எஸ்தர் வாயைத் திறந்தாள்.

"பகல் பூராப் பச்சைதாங்க எரியுது. நீங்க வந்தாத்தான் செவக்குது. செத்த வெளிய போங்க."

போனேன். கொஞ்ச நேரத்தில், "பச்சை!" என்று உள்ளிருந்து குரல். திரும்ப நுழைந்தேன். சிவப்பு.

காயாத சட்டையின் ஈர வாடை தெரியாமலிருக்க, ஆபீஸிலிருந்து கிளம்பும்போது சென்ட் அடித்துக்கொள்வது என் வழக்கம். மகளைத் தூக்கும்போது அப்பா மணக்க வேண்டாமா என்று கூடுதலாக நாலு அடி வேறு! அவமானத்தைவிட, குழந்தையை நினைத்துத்தான் அழுகை வந்தது.

சட்டையை மாற்றிக்கொண்டு கொட்டச்சேடு ஓடினேன்.

"தப்பு என்னுதுங்க அத்தை. மெஷினே காட்டிக் குடுத்துருச்சுங்க."

விஷயத்தைக் கேட்டவர் சிரித்துவிட்டார். "கல்யாணத்தன்னிக்கே எனக்கு நொம்பத் தும்மல் வந்துச்சுங்க மாப்பிள்ளை. மரியாதைக்கு அடக்கிக்கிட்டேனுங்க."

அவர் திரும்பி வந்தார். கரி அடுப்பு வெளியே கொட்டகைக்குப் போனது, சென்ட் பாட்டில் குப்பைக்குப் போனது. இளைப்பும் மெல்ல அடங்கியது.

மகளுக்கு இப்போது ஏழு வயது. நான் வேலை முடிந்து வந்தால் வாசலிலேயே நிறுத்தி, சட்டையை மோந்து பார்ப்பாள். ஈர வாடைதான் அடிக்கும். "பச்சை" என்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான் கட்டிக்கொள்வாள்.

"நல்லா மோந்து பாரு கண்ணு" என்று உள்ளேயிருந்து அத்தை குரல் கொடுப்பார்.