ரத்தம் கசியாத கை

"டாக்டர், கோவிச்சுக்காதீங்க. அடுத்த தடவை பக்கத்து ரூம் அம்மாகிட்ட பார்த்துக்கறேன்" என்றார் லாரி ஓட்டுநர், வாயைக் கொப்பளித்துக்கொண்டே. "என் மச்சானுக்கு அவங்கதான் பார்த்தாங்க. ஒரு சொட்டு ரத்தம் வரலையாம். கையா அது, பூவாம்!"

துப்பிய தண்ணீர் சிவப்பாக ஓடியது. பெரிய டாக்டருக்கு வயிறு எரிந்தது.

இருபத்திரண்டு வருடமாக ஈறு பார்ப்பவர் அவர். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே கோடு போட்ட மெல்லிய கம்பியை இறக்கி, எத்தனை மில்லிமீட்டர் ஆழம், எத்தனை இடத்தில் ரத்தம் கசிகிறது என்று குறித்துக்கொள்வார். கசிந்தால் நோய் உள்ளே விழித்திருக்கிறது என்று அர்த்தம். அந்த மாதம் அவருடைய நோயாளிகளுக்கு நூற்றுக்கு அறுபது இடத்தில் கசிவு. சின்ன டாக்டரம்மாவின் நோயாளிகளுக்குச் சுத்தமாகப் பூஜ்ஜியம்!

"வந்து மூணு மாசம். முளைச்சு மூணு இலை விடலை, அதுக்குள்ள பூவாம்!" என்று பொருமினார்.

மறுநாள் கையை லேசாக்கினார். கம்பி தொட்டும் தொடாமலும் போனதில் ஒரு தலைமையாசிரியைக்குக் கூச்சம் தாங்கவில்லை. சிரித்த வேகத்தில் வாயை மூடிவிட்டார். அன்று கசிந்தது டாக்டரின் விரல்.

அடுத்து, ஆளுக்கொரு பிரஷ் கொடுத்து, "நல்லா தேய்ச்சுட்டு வந்து உக்காருங்க" என்றார். அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்ப்பதுபோல் தேய்த்துவிட்டு வந்தார்கள். அறுபது எழுபத்தைந்தானது.

மூன்றாம் நாள் மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் பக்கத்து அறைக்குப் போனார். அந்தக் கைவித்தையை நேரிலேயே பார்த்துவிடுவது என்று முடிவு.

"எனக்கு ஒரு தடவை அளந்து பாரும்மா."

"உங்களுக்கா சார்?" சின்ன டாக்டரம்மாவின் முகம் வெளுத்தது. "இப்பவேவா?"

"பயப்படாதே. நான் ஒண்ணும் கடிக்க மாட்டேன்."

கம்பி இறங்கியது. பூவாவது மண்ணாவது, இவர் கையைவிட முரட்டுக் கை! பெரிய டாக்டருக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. அப்படியானால் ரத்தம் வராத ரகசியம்தான் என்ன?

"மூணு... மூணு... நாலு..." என்று எண்ணிக்கொண்டிருந்த குரல் பாதியில் நின்றது. 'தொப்'பென்று ஒரு சத்தம். எழுந்து பார்த்தால், சின்ன டாக்டரம்மா தரையில் கிடந்தாள்.

'அடப்பாவி, என் ஈறு அவ்வளவு மோசமாவா இருக்கு?' என்று அவர் பதறுவதற்குள் வரவேற்பறை அக்கா தண்ணீர்ச் செம்போடு ஓடி வந்தாள்.

"உங்களை யார் சார் இந்த நாற்காலியில உக்காரச் சொன்னது?" என்று சீறியபடி டாக்டரம்மாவின் முகத்தில் தண்ணீரைத் தெளித்தாள். "பல் தேய்க்கும்போது ரத்தம் வருதான்னு வாசல்லயே கேட்டு, ஆமான்னு சொன்ன அத்தனை பேரையும் மூணு மாசமா உங்க ரூமுக்கே தள்ளிவிட்டுட்டு இருக்கேன். ரத்தத்தைப் பார்த்தா இவங்களுக்கு மயக்கம் வந்துடும் சார்!"