மாப்பிள்ளைக்கு நீட்டிய பாணும் உப்பும்

ஆசைப்பட்டு ஒரு மொழியைப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். வேலை கிடைக்கும் என்று படிப்பவர்களும் இருக்கிறார்கள். நான் ரஷ்ய மொழி படித்தது சுத்தப் பொறாமையால். இதை வாய்விட்டு ஒப்புக்கொள்ள எனக்கு முப்பது வருடத்துக்கு மேல் பிடித்தது.

எண்பதுகளின் நடுப்பகுதி. நானும் கொடிகாமத்துக் குகனும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஒரே நாளில், ஒரே பேனையால் (பேனை என்னுடையது), மொஸ்கோவில் படிக்கப் புலமைப்பரிசில் கேட்டு விண்ணப்பம் நிரப்பினோம். அவனுக்குக் கிடைத்தது. எனக்கு 'வருந்துகிறோம்' என்று கடிதம் வந்தது. அவன் எஞ்சினியரிங் படிக்க விமானம் ஏறினான். நான் வீம்புக்குப் பல்கலைக்கழகத்தில் 'ரஷ்ய மொழியும் பண்பாடும்' என்ற பாடத்தை எடுத்தேன். வகுப்பில் மொத்தம் மூன்று பேர். மற்ற இருவரும் வேறு பாடங்களில் இடம் கிடைக்காமல் வந்தவர்கள்.

"உதைப் படிச்சு இணுவிலிலை ஆரோடை கதைக்கப் போறாய்?" என்று என்னைப் பெற்ற ஐயா கேட்டார்.

குகனோடு என்று சொல்ல வாய் வரவில்லை. அவன் திரும்பி வரும்போது அவனைவிட நன்றாக ரஷ்யன் பேசி, அவன் முகம் சுருங்குவதைப் பார்க்க வேண்டும். என் பட்டப்படிப்பின் நோக்கம் அவ்வளவுதான்.

இடையில் குகன் ஒரு படம் அனுப்பினான். பனிக்குள், உரோமத் தொப்பியோடு, சினிமாக் கதாநாயகன் மாதிரி நின்றான். அம்மா அதைக் கண்ணாடி அலுமாரியின் முன்தட்டில் வைத்தார். என்னுடைய படமும் அதே அலுமாரியில்தான் இருந்தது (கோப்பைகளுக்குப் பின்னால்).

படிப்பு முடிந்து குகன் ஊருக்கு வந்ததும் அவனுடைய தாயார் என் தங்கச்சி மாலாவைக் கேட்டு ஆள் அனுப்பினார். வீடே குளிர்ந்துபோனது. எனக்கு மட்டும் வயிறு எரிந்தது. அவர்கள் பெண் பார்க்க வருவதற்கு முதல்நாள் மாலா என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"அண்ணை, எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு. நாளைக்கு நீ ஒண்டையும் குழப்பிப்போடாதை."

"நான் ஏன் குழப்பப் போறன்?" என்றேன். அப்போதே பேக்கரியில் பாண் வாங்கும் திட்டம் தயாராக இருந்தது.

ரஷ்யாவில் மதிப்புக்குரிய விருந்தாளியைப் பாணும் உப்பும் கொடுத்து வரவேற்பார்கள். விருந்தாளி பாணைப் பிய்த்து, உப்பில் தொட்டுச் சாப்பிட வேண்டும். இதற்குப் பரீட்சையில் எனக்குப் பத்துக்கு ஒன்பது. காலையில் சந்திப் பேக்கரியில் றோஸ் பாண் வாங்கினேன். மாலா பூவேலை செய்த துணியைத் தட்டில் விரித்தேன். அம்மாவின் வெள்ளிக் குங்குமச் சிமிழைக் கழுவி அதில் உப்பை நிரப்பினேன். அம்மா அடுக்களையில் வடை சுட்டுக்கொண்டிருந்ததால் என்னைத் தடுக்க ஆளில்லை.

கார் வந்தது. குகன், தாயார், இரண்டு உறவினர்கள். வாசலில் தாயார் கால் வைத்ததும் தட்டை நீட்டினேன்.

"தப்ரோ பஷாலவத்! நல்வரவு மாமி, பாணைப் பிச்சு உப்பிலை தொட்டுச் சாப்பிடுங்கோ."

அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"என்ன தம்பி உது? சம்பந்தம் பேச வந்த இடத்திலை உப்பைக் கையிலை நீட்டுறீர்? ரெண்டு வீட்டுக்கும் சண்டை வரட்டும் எண்டோ?"

எங்கள் பக்கத்தில் உப்பைக் கைக்குக் கை கொடுக்க மாட்டார்கள். கீழே வைப்பார்கள், மற்றவர் எடுத்துக்கொள்வார். எனக்கும் இது நன்றாகத் தெரியும். அன்று காலை மட்டும் நான் மொஸ்கோவில் இருந்தேன்.

"மாமி, இது ரஷ்யப் பண்பாடு. குகனைக் கேளுங்கோ."

குகன் தலையைச் சொறிந்தான். "எனக்குத் தெரியாது மச்சான். ஹொஸ்டலிலை நாங்கள் அஞ்சு யாழ்ப்பாணப் பெடியள். சோறும் பருப்பும்தான் சமைச்சனாங்கள். உதை நான் காணேல்லை."

புத்தியுள்ளவன் இந்த இடத்தில் தட்டைக் கீழே வைத்திருப்பான். எனக்கோ ஆனந்தம் தாங்கவில்லை. மொஸ்கோவில் குப்பை கொட்டியவனுக்குத் தெரியாதது, யாழ்ப்பாணத்தை விட்டு ஆனையிறவைத் தாண்டாத எனக்குத் தெரிந்திருக்கிறதே! விடக்கூடாது என்று, எங்கள் தெரு ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படி, 'ரஷ்யக் குளிர்காலம் எப்படி இருந்தது?' என்ற பாடப்புத்தகக் கேள்வியை ரஷ்ய மொழியில் எடுத்துவிட்டேன்.

குகனின் முகம் மலர்ந்தது. ஊருக்கு வந்தபிறகு அந்த மொழியில் யாருமே அவனோடு பேசவில்லையாம். மடை திறந்ததுபோல் பேசினான். 'குளிர்' என்ற சொல்லைத் தவிர எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தான். பகிடி விட்டிருக்கிறான் என்று நினைத்து, வயிறு குலுங்கச் சிரித்தேன்.

"மச்சான்," என்றான் மெதுவாக, "அந்தக் குளிருக்கைதான் பெரிய மாமா செத்த தந்தி வந்தது எண்டு சொன்னனான்."

"என்ரை அண்ணை செத்ததுக்கே தம்பி சிரிச்சனீர்?" தாயார் திரும்பி நடந்தார். "வாடா, போவம்!"

ஐயா கண்களை மூடிக்கொண்டார். பெண் பார்க்க வந்தவர்கள் தேத்தண்ணி குடிக்காமல் போனால் அந்தச் சம்பந்தம் அதோடு முடிந்தது. கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அப்போதுதான் எனக்குப் பொறாமை போய்ப் பயம் வந்தது.

மாலா தேத்தண்ணித் தட்டோடு வெளியே வந்தாள். என்னைப் பார்க்கக்கூட இல்லை. நேரே காரடிக்குப் போனாள்.

"மாமி, அண்ணை உதை மூண்டு வருசம் படிச்சவர், ஒண்டும் தெரியாது. என்ரை தேத்தண்ணியைக் குடிச்சிட்டுக் கோபியுங்கோ."

தாயார் அவளையே பார்த்தார். பிறகு கோப்பையை எடுத்தார். குகன் என்னிடம் வந்து, பாணில் ஒரு பெரிய துண்டைப் பிய்த்து, என் கையிலிருந்த சிமிழில் தொட்டு வாயில் போட்டான்.

"நல்லாயிருக்கு மச்சான்," என்றான். அந்தப் பெருந்தன்மையைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

"ஐயோ, கையிலை வாங்கிப்போட்டானே!" என்று தாயார் தலையில் கை வைத்தார். "உதுகளுக்கு இனிச் சண்டைதான்."

கல்யாணம் நடந்தது. குகன் மேற்படிப்புக்குத் திரும்பிப் போனபோது மாலாவையும் கூட்டிப்போனான். அவள் கடை வரிசைகளில் நின்றே அந்த மொழியைப் பிடித்துக்கொண்டாள். இன்றைக்கும் அவர்கள் சண்டை பிடித்தால் என் தொலைபேசி அடிக்கும்.

"அண்ணை, உன்ரை உப்பு வேலை செய்யுது," என்பாள் மாலா. பின்னாலிருந்து குகனும், "மச்சான், நீ குடுத்த உப்புத்தான்," என்று கத்துவான்.

நான் சமாதானம் பேசத் தொடங்குவேன். பாதியில் அவர்கள் ரஷ்ய மொழிக்கு மாறி, ஏதோ சொல்லிச் சொல்லிச் சமாதானமாகிவிடுவார்கள். எங்கள் குடும்பத்தில் அந்த மொழிக்குச் சான்றிதழ் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். தொலைபேசியைக் காதில் வைத்தபடி, இது சிரிக்கிற இடமா இல்லையா என்று தெரியாமல், மூச்சுக் காட்டாமல் இருப்பேன்.