மேட்டுச் சபையின் தபால் பெட்டி

“உங்க முழங்கால் படுற பாட்டைப் பார்த்தா எனக்கு மனசே ஆறல பெரியவரே. இந்த வெள்ளிக்கிழமை நானே டவுனுக்குப் போயி கடிதத்தையெல்லாம் எடுத்துட்டு வந்துடறேன். சாவியை மட்டும் குடுங்க.”

சைக்கிள் பழுதுபார்க்கும் ஹபில் சிமியு இப்படிச் சொன்னதும் மூப்பர் ஸப்லோன் குனிந்து தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டார். அதற்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

“எனக்கு முழங்கால் வலின்னு யாருப்பா சொன்னா?”

“முகத்துலயே தெரியுதே!”

நமசோலி மேட்டில் இருக்கும் அத்தனை குடும்பத்துக்கும் சேர்த்து டவுன் தபால் நிலையத்தில் ஒரே ஒரு பெட்டி. அது மேட்டுச் சபையின் பெயரில் இருக்கிறது. சாவி மூப்பரின் கழுத்தில் கயிற்றோடு தொங்கும். குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டார். வெள்ளிக்கிழமை பெட்டியைத் திறந்து வழித்துக்கொண்டு வருவார். ஞாயிறு பிரசங்கம் முடிந்ததும் மேடையேறி யாருக்குக் கடிதம் என்று உரக்கப் படிப்பார். அதோடு விட்டால் பரவாயில்லை. யாரிடமிருந்து என்பதையும் படிப்பார். யாருக்கு வங்கியிலிருந்து நோட்டீஸ், யாருக்கு நைரோபி மருமகள் எழுதியிருக்கிறாள் என்பதெல்லாம் பிரசங்கத்தைவிட ஊருக்கு நன்றாக மனப்பாடம்.

ஹபில் சாவியைக் கேட்டது இதனால்தான். ஆற்றங்கரைச் சபையின் பாடகர் குழு டிசம்பரில் கடலோர மொம்பாசாவுக்குப் பாடப் போகிறது. பஸ், புதுச் சீருடை, கீபோர்டு எல்லாம் உண்டு. ஆள் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவன் ரகசியமாக விண்ணப்பம் போட்டுவிட்டான். கடலை அவன் பார்த்ததே இல்லை. அதைவிடப் பெரிய குறை, மேட்டுச் சபைக் குழுவில் தலை நரைக்கும் வரை பாடியும் ஒரு வரிகூடத் தனியாகப் பாட அவனுக்குக் கிடைத்ததில்லை. கேட்டால் குழுத் தலைவி ஒரே பதில்தான் சொல்வாள்.

“உங்க குரல் கூட்டத்தோட இருந்தா தூண் மாதிரி. தனியா விட்டா தூண் மட்டும்தான் நிக்கும்.”

குழுத் தலைவி அவன் மனைவி ரோஸ்பெல்லா.

விண்ணப்பத்தில் முகவரி கேட்டிருந்தார்கள். அவனுக்குத் தெரிந்த முகவரி ஒன்றே ஒன்று. அதை எழுதித் தபாலில் போட்டுவிட்டு வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. பதில் வந்தால் அதை மூப்பர் மேடையில் படிப்பார். படித்தால் குழுவில் இடமில்லை, வீட்டில் பேச்சில்லை, தட்டில் உகாளிக் களியும் இல்லை.

மூப்பர் யோசித்துக்கொண்டிருந்தபோது பாஸ்டர் ஜோதாம் எங்கிருந்தோ வந்து சேர்ந்தார்.

“சாவியா? நீ எதுக்குப்பா கடையை மூடிட்டு அலையற? எனக்கு டவுன்ல ஒரு ஜெபம் இருக்கு. நான் போறேன்.”

“பாஸ்டர் எதுக்கு அலையணும்?” என்றாள் மாண்டாஸிப் பலகாரம் சுட்டு விற்கும் தபிதா, வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து. “நான் மாவு வாங்க எப்படியும் போயாகணும்.”

“அக்கா, மாவு மூட்டையோட பெட்டியை எப்படித் திறப்ப? நான் போறேன்!” இது மத்தளம் அடிக்கும் பராசா.

மூப்பரின் கண்கள் கலங்கிவிட்டன. “இத்தனை வருஷத்துல எனக்குப் பதிலா போறேன்னு ஒருத்தன் சொன்னதில்ல. இன்னிக்குப் பாருங்க, அடிச்சுக்கறீங்க! சபை திருந்திடுச்சுப்பா.” கயிற்றைக் கழற்றி ஹபிலிடம் கொடுத்தார். “முதல்ல கேட்டது நீ. மத்தவங்க துணைக்குப் போங்க.”

துணையைக் கழற்றிவிட ஹபில் சைக்கிளில் தாவி ஏறினான். மிதிக்கும் முன்பே பின்னால் பாரம் இறங்கியது. பாஸ்டர்.

“போ தம்பி, நல்லா மிதி. உடம்புக்கு நல்லது.”

வேர்த்து விறுவிறுத்து அவன் போய்ச் சேர்ந்தபோது, வாடகை மோட்டார் சைக்கிளில் வந்த தபிதாவும் பராசாவும் பெட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள்.

“கொஞ்சம் வெளியில நில்லுங்களேன், காத்து வரட்டும்,” என்றான் ஹபில்.

யாரும் அசையவில்லை. அவன் சாவியைப் பூட்டில் நுழைத்தான்.

“இரு, ஆசீர்வதிச்சுத் திறக்கலாம்,” என்று பாஸ்டர் கையை வைத்தார்.

“பாஸ்டர், இது இடது பக்கம் திருப்பணும்,” என்று தபிதா கையை வைத்தாள்.

“வலது பக்கம்,” என்று பராசாவும் வைத்தான்.

டக்கென்று சத்தம் கேட்டது. சாவியின் தலை ஹபிலின் கையில் இருந்தது. உடம்பு பூட்டுக்குள் இருந்தது.

“பயப்படாதீங்க, இது நம்ம தொழில்,” என்று அவன் பையிலிருந்து ஒரு சைக்கிள் கம்பியை எடுத்துக் குத்தினான். உடைந்த துண்டு இன்னும் உள்ளே போயிற்று. வழுக்கி வரட்டும் என்று செயின் எண்ணெயை ஊற்றினான். அது சாவியை விட்டுவிட்டுக் கீழே இருந்த வக்கீலின் பெட்டிக்குள் இறங்கியது.

“என்னய்யா பண்றீங்க அங்க?” தபால் நிலையப் பெண் கன்சொலாட்டா எழுந்து வந்துவிட்டாள். “இது பெட்டியா, சைக்கிளா?”

“தங்கச்சி, பின்பக்கமா எடுத்து என் கையில குடுத்துடேன். சத்தமில்லாம போயிடறேன்.”

“அதெப்படி? பெட்டி சபை பேர்ல இருக்கு, கையெழுத்து மூப்பரோடது. அவர் வந்து நிக்கணும். ஒவ்வொண்ணா பேர் வாசிச்சுத்தான் குடுப்பேன்.”

மோட்டார் சைக்கிள்காரனிடம் சேதி சொல்லி அனுப்பினார்கள். ‘பெட்டி கெட்டுப்போச்சு’ என்று கிளம்பிய சேதி மேடு ஏறி முடிப்பதற்குள் ‘பெட்டி தீப்பிடிச்சிருச்சு’ என்று ஆகிவிட்டது. கொஞ்ச நேரத்தில் கரும்பு லாரி ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து மூப்பரும், அவர் பின்னால் தண்ணீர் வாளிகளோடு மொத்தப் பாடகர் குழுவும் குதித்தார்கள். எல்லாருக்கும் முன்னால் ரோஸ்பெல்லா.

“லுசேலியோட அப்பா! உங்க கையில எதைக் குடுத்தாலும் ரெண்டாத்தான் வருமா?”

ஹபில் கவுண்டரை எட்டிக் கிசுகிசுத்தான். “தங்கச்சி, என் பேர் வந்தா மட்டும் கொஞ்சம் மெதுவா...”

“மெதுவா வாசிச்சா பெரியவருக்குக் கேக்காது. கேக்கலன்னா கையெழுத்துப் போட மாட்டாரு,” என்று சொல்லிவிட்டு அவள் தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். “மூப்பர் ஸப்லோன், விதைக் கம்பெனியிலேருந்து!”

அடுத்த உறையை அவள் எடுத்தாள். நீல உறை. ஹபிலுக்கு வேறு வழி தெரியவில்லை. வாயைத் திறந்து பாட ஆரம்பித்துவிட்டான்.

நியாயமாகப் பார்த்தால் எல்லாரும் அவனை அடக்கியிருக்க வேண்டும். ஆனால் பாஸ்டர் சட்டென்று கூடச் சேர்ந்தார். தபிதா உச்சத்துக்குப் போனாள். பராசா வாளியைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டினான். வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். ரோஸ்பெல்லாவின் கையும் பழக்கத்தில் எழுந்து தாளம் காட்டியது. குழு அன்றைக்குப் பாடியதுபோல் எந்த ஞாயிற்றுக்கிழமையும் பாடியதில்லை.

பிறகு எங்கே நிற்கிறோம் என்று அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். முஷ்டியை மடக்கினாள். எல்லாரும் ஒரே நொடியில் நிறுத்தினார்கள்.

ஹபில் நிறுத்தவில்லை. கண்ணை மூடியிருந்ததால் அவன் முஷ்டியைப் பார்க்கவில்லை. ஒரு முழு வரியைத் தன்னந்தனியாகப் பாடி முடித்துவிட்டுத்தான் கண்ணைத் திறந்தான். தபால் நிலையம் அப்படியே நின்றுகொண்டிருந்தது. ஒரு பெரியவர் ஸ்டாம்பை நாக்கில் வைத்தபடி மறந்துபோயிருந்தார். அப்புறம் கைதட்டல் கூரையைத் தூக்கியது. ஹபிலுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நன்றாகத்தான் பாடியிருந்தான், அது அவனுக்கே தெரிந்தது.

கன்சொலாட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு நீல உறையைப் பார்த்தாள்.

“ஹபில் சிமியு! ஆற்றங்கரைச் சபைப் பாடகர் குழுவிலேருந்து!”

கைதட்டல் பாதியில் நின்றது. ரோஸ்பெல்லா மெதுவாகத் திரும்பினாள்.

“ஆற்றங்கரையா?”

“ஒரு வரி தனியா பாடணும்னு ஆசைப்பட்டேன், லுசேலியோட அம்மா. அப்படியே கடலையும் பார்க்கலாம்னு...”

“கடலா? கடல்ல தூக்கிப் போட வேண்டிய ஆளு நீங்க! ஒரே கூரைக்குக் கீழ படுத்துக்கிட்டு, நான் கட்டி வளர்த்த குழுவை விட்டுட்டு அந்த ஆத்தங்கரைக்காரங்ககிட்ட ஓடப் பார்த்தீங்களா? பாஸ்டர், நீங்களே கேளுங்க இந்த அநியாயத்தை!”

பாஸ்டர் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார். தபிதா மாவு வாங்கக் கிளம்பினாள். பராசா வாளிக்குள் எதையோ தேடினான்.

கன்சொலாட்டா கவுண்டருக்குப் பின்னாலிருந்து, ரப்பர் பட்டை போட்ட ஒரு நீலக் கட்டைத் தூக்கிக் காட்டினாள்.

“அம்மா, அவரை அப்புறம் திட்டிக்கலாம், இதே முத்திரையோட பாஸ்டருக்கும் உங்க குழுவுல மத்த எல்லாருக்கும் வந்திருக்கு, கட்டுல முதல்ல இருக்கறது உங்க பேருக்குத்தான்.”