பந்தய வண்டிக்கு ரப்பர் டயர் மாட்டினேன்

டயர்களைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று நான் நம்பிய காலம் ஒன்று இருந்தது. மொத்தம் பதினோரு நாள்.

நாடு சுதந்திரம் அடைந்து பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. மதுரையில் பி.ஏ. படித்து, ஆங்கிலத்தில் தோற்று, கமுதிக்குத் திரும்பியிருந்தேன். பட்டம் வரவில்லை, ஒரு பழைய ஆங்கிலப் பத்திரிகை மட்டும் என்னோடு வந்தது. வெளிநாட்டுக் கார்ப் பந்தயக்காரர்கள் ரோட்டுக்கு ஒரு டயர், பந்தயத்துக்கு வேறு டயர் என்று மாற்றி மாட்டுவார்களாம். அதை ஒப்பிட்டு நாலு பக்கம் எழுதியிருந்தார்கள். (ஆங்கிலத்தில் தோற்றவனுக்கு எப்படிப் புரிந்தது என்று கேட்காதீர்கள். படம் இருந்தது.)

எங்கள் அய்யாவிடம், அதாவது அப்பாவிடம், காரா இருந்தது? ஒரு ஜோடிக் காளை, மூட்டை ஏற்ற ஒரு பார வண்டி, ஒரு பந்தய வண்டி, அவ்வளவுதான். மரச்சக்கரம், சுற்றிலும் இரும்புப் பட்டை. ஊர்ப் பந்தயத்தில் மூன்று வருடமாக அந்த ஜோடிதான் முதல் பரிசு. அந்த வருடம் தாய்மாமா என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ள, இந்தத் தடவ வண்டிய நீ ஓட்டு. மொதல்ல வந்துட்டா வள்ளிமயிலு ஒனக்குத்தான். இல்லேன்னா பரமக்குடி மாப்பிள்ளைக்குச் சரின்னு சொல்லிருவேன்."

வள்ளிமயில் அவர் மகள். அவளைத் தவிர வேறு யாரையும் கட்டுவதில்லை என்று நான் பத்து வயதிலேயே முடிவு செய்திருந்தேன். மாமாவும் எனக்குப் பெண் கொடுக்க ஒரு சாக்குதான் தேடினார். ஜெயிக்கிற மாடு, நான் ஏறிச் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். சும்மா உட்கார எனக்கு வரவில்லை.

அப்போதுதான் எங்கள் பக்கம் டயர் வண்டி தலைகாட்ட ஆரம்பித்திருந்தது. ராமநாதபுரத்தில் ஒரு லாரிப் பட்டறையில் பழைய கார் அச்சும் இரண்டு ரப்பர் டயரும் கிடைத்தன. அய்யா வைக்கோல் வாங்க ஆர்.எஸ்.மங்கலம் போயிருந்தார். முதலில் பார வண்டியில் மாட்டி ரோட்டில் பார்த்தேன். பத்து மூட்டை மிளகாய்க்கே நுரை தள்ளும் மாடுகள் பதினைந்து மூட்டையை அலட்டிக்கொள்ளாமல் இழுத்தன. ரோட்டிலேயே இப்படி என்றால் பந்தயத்தில் பறக்காதா? அச்சோடு கழற்றிப் பந்தய வண்டியில் மாட்டினேன். காற்றைக் கல் மாதிரி அடித்தேன். எடை குறையட்டும் என்று மாட்டுக் கழுத்துச் சலங்கையையும் அவிழ்த்துவிட்டேன்.

பந்தயத்தன்று காலையில்தான் அய்யா வந்தார். வண்டியின் முன்னாலேயே நின்றுகொண்டு, "ஏலே, என் வண்டி எங்கடா?" என்று கேட்டார். காட்டினேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கொடி அசைந்தது. மற்ற வண்டிகள் காது கிழியும் சத்தத்தோடு பாய்ந்தன. என் வண்டி சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு கிளம்பியது. ஆகா என்று மனதுக்குள் சொல்லி முடிப்பதற்குள் மாடுகள் வேகத்தைக் குறைத்தன. இடது மாடு திரும்பி என்னைப் பார்த்தது. வலது மாடும் பார்த்தது. பிறகு இரண்டும் ஆற அமர நடக்க ஆரம்பித்தன.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மூன்று வருடமாக அந்த மாடுகள் ஓடியது வீரத்தால் அல்ல. பின்னால் கடகடவென்று துரத்திய இரும்புச் சக்கரத்துக்குப் பயந்துதான் ஓடியிருக்கின்றன! துரத்தல் நின்றதும் அவை நிம்மதியாகிவிட்டன. சாட்டையை ஓங்கினேன், கத்தினேன், கெஞ்சினேன். "என்னப்பா, பொண்ணழைப்பா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். போய்க்கொண்டிருந்தது என் கல்யாணம்.

வண்டிகள் திரும்பும் எல்லைக் கொடி மாமாவின் மிளகாய்க் களத்தை ஒட்டி இருந்தது. பந்தயம் கிளம்பிய இடத்துக் கூட்டத்துக்கு அது நன்றாகத் தெரியும். களம் முழுக்க வற்றல் காய்ந்துகொண்டிருந்தது. ஆடு விரட்டக் கையில் தகர டின்னோடு வள்ளிமயில் காவலுக்கு நின்றாள். மற்றவர்கள் எல்லாம் திரும்பிப் போன பிறகு நான் ஊர்ந்து வந்து சேர்ந்தேன். மாடுகள் அங்கே நின்று புல் கடித்தன.

"மச்சான், ஓட்டுங்க! எங்கய்யா பாத்துக்கிட்டு இருக்காரு!" என்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது. அவள் என்ன நினைத்தாளோ, பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் ஓடிவந்து டின்னைத் தடதடவென்று தட்டினாள்.

மாடுகளைத் துரத்த மறுபடி ஆள் கிடைத்துவிட்டது. கொடியைச் சுற்றவில்லை, நேராகக் களத்துக்குள் பாய்ந்தன. ரப்பர் டயர் அப்போதுதான் தன் வேகத்தைக் காட்டியது. மாமாவின் ஒரு வருட மிளகாயில் குறுக்கே ஒரு தடவை, நெடுக்கே ஒரு தடவை, மூலையில் வட்டமாக இரண்டு தடவை. சிவப்பாக ஒரு தூசி எழுந்தது. அந்த நேரம் பார்த்துக் கடல் காற்று கூட்டத்தின் பக்கமாக அடித்தது.

முதலில் தும்மியது மாமா. அடுத்து அவர் பக்கத்தில் விருந்தாளியாக உட்கார்ந்திருந்த பரமக்குடி மாப்பிள்ளை. அப்புறம் விழாக் கமிட்டி, மேளக்காரர்கள், ஜெயித்த மாடுகள் எல்லாம். கண்ணில் நீர் வழிய ஒரு ஊரே தும்மியதை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. கிழக்கா மேற்கா தெரியாமல் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். வள்ளிமயில் என் கையை விட்டுப் போய்விட்டாள் என்பது மட்டும் தெரிந்தது.

பரமக்குடிக்காரர்கள் சாப்பிடாமலேயே கிளம்பினார்கள். "பொண்ணு எவன் வண்டிக்கு டின்னு தட்டுச்சுன்னு நாங்களும் பாத்தோம்ல" என்று மாமாவிடம் சொல்லிவிட்டுப் போனார்களாம்.

சாயங்காலம் மாமா வந்தார். கண் இரண்டும் வற்றல் நிறத்தில் இருந்தன. அடிப்பார் என்றுதான் எழுந்து நின்றேன்.

"ஏலே, தோத்த பயலுக்குப் பொண்ணு கெடையாதுன்னு சொல்லத்தான் வந்தேன்" என்றார். "ஆனா ஊரே பாக்க அவ டின்னத் தட்டிப்புட்டாளே. இனி நான் என்ன செய்ய? நீயே கட்டிக்க. அந்த டயர மட்டும் என் கண்ணுல காட்டாத."

டயரை அய்யா பார வண்டிக்கே மாட்டிக்கொண்டார். இரும்புப் பட்டை பந்தய வண்டிக்குத் திரும்பியது.

இன்று எனக்குப் பேரன் பேத்தி இருக்கிறார்கள். வீட்டில் நான் எந்த எந்திரத்தைப் பற்றி வாயைத் திறந்தாலும் எல்லோரும் சேர்ந்து தும்முவார்கள். வள்ளிமயில் மட்டும் தும்மமாட்டாள். கடைக்குப் போகச் சொல்லி நான் நாற்காலியை விட்டு எழாமல் இருந்தால், பேசாமல் எனக்குப் பின்னால் வந்து நின்று ஒரு தட்டைத் தட்டுவாள். நான் அடுத்த நிமிடம் தெருவில் இருப்பேன்.